கார்ப் பார்க்குக்குள் உரோமாபுரி

செபமாலைமுத்து விமானத்தில் ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். எண்பத்தேழாம் ஆண்டு கொழும்பில் இருந்து கிளம்பிய அந்த விமானம், எந்த நாட்டுக்கு மேலே என்று தெரியாத ஓர் இடத்தில், கயிறு அறுந்த வாளி கிணற்றுக்குள் போவது மாதிரிக் கீழே போனது. சாப்பாட்டுத் தட்டுகள் எழும்பிக் கூரையில் அடித்தன. பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்காரர் முன்பின் தெரியாத செபமாலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அந்த நேரத்தில் செபமாலைமுத்து அந்தோனியாருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். “என்னை உயிரோடை தரையில இறக்கிவிடும் ஐயா. இனி இந்தச் சாமான்ல ஏறி உமக்குக் கரைச்சல் தரமாட்டன்.”

அந்தோனியார் தன்னுடைய பங்கைச் செய்தார். செபமாலைமுத்துவும் தன்னுடைய பங்கில் இருந்து இம்மியும் பிசகவில்லை. ரொறன்ரோவில் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் நடந்தது, போகவில்லை. சிட்னியில் மச்சான் வீடு குடிபுகுந்தார், போகவில்லை. யாராவது பயமா என்று கேட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். “பயமில்லை. நேர்த்தி” என்பார்.

மனைவி இசபெல் இந்த வழக்கைப் பங்குச் சாமியார் வரைக்கும் கொண்டு போனவர். கொடுத்த வாக்கை வேறொரு நல்ல காரியமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சாமியார் சொன்னார். செபமாலைமுத்து அதை ஏற்கவில்லை. “சாமியார் சின்னப்பொடியன். அவர் பிறக்க முதல் குடுத்த வாக்கை அவர் எப்பிடி மாத்திறது?”

இப்படிப்பட்ட மனிதர் தரையில் ஓடும் வாகனத்தில் ஏறினால் வேறொரு ஆளாகிவிடுவார். கடற்கரைக் கிராமமான பேசாலையில் அப்பாவின் வள்ளத்தில் நின்று வளர்ந்தவர், லண்டனில் சிவப்புப் பஸ் ஓட்டினார். இல்போர்ட்டுக்கும் நகரத்தின் நடுவுக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது வருடங்கள். வழி கேட்டு வரும் பயணி எவரிடமும் அவர் ‘தெரியாது’ என்று சொன்னதில்லை. கேட்ட தெருவின் பெயரை வாழ்நாளில் முதல்தடவை கேள்விப்பட்டாலும், “ரெண்டு ஸ்ரொப் தள்ளி இறங்கு, இடக்கைப் பக்கம்” என்று சொல்லிக் கதவை மூடுவார். இறங்கினவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பின்கண்ணாடியில் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இசபெலுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. உரோமாபுரிக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் கரண்டி பிடித்த காலம் முழுக்க அந்த ஆசையைப் பொத்தி வைத்திருந்தார். பங்குக் கோயில் ஆட்கள் வருடா வருடம் யாத்திரை போனார்கள். வந்தவர்கள் தீர்த்தமும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற படங்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். குட்மேய்ஸில் இருந்த அவர்களுடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இடம் முடிந்து, மிச்சம் வோஷிங் மெஷினிலும் ஒட்டியாகிவிட்டது. தனியாகப் போகலாம்தானே என்று மகள் றொசாந்தி பலமுறை சொன்னாள். “மனிசன் கல்லு மாதிரி வீட்டில இருக்க நான் தனியப் போனா, பரலோகத்தில என்னைத்தான் கேப்பினம்” என்று இசபெல் மறுத்துவிட்டார்.

கலியாணமாகி நாற்பது வருடம் நிறைய இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பும் சோறும் போய்க்கொண்டிருந்தபோது, றொசாந்தி கதையைத் தொடங்கினாள்.

“அப்பா, நானும் கிளின்ரனும் ஒண்டு யோசிச்சனாங்கள். உங்கள் ரெண்டு பேரையும் ரோமுக்கு அனுப்பப் போறம். ட்ரெயின்ல.”

“ட்ரெயின் கடலுக்கு அடியாலயெல்லோ போகுது” என்றார் செபமாலைமுத்து.

“அதுக்கென்ன?”

“அது பறக்கிறதுதான், மற்றப் பக்கத்தால.”

மருமகன் கிளின்ரன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். அவன் வீடு வீடாகப் போய் பொயிலர் பொருத்துகிறவன். வெடிக்கக்கூடிய இடங்களில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியிருந்தான். இசபெல் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். அந்தச் சத்தம் செபமாலைமுத்துவுக்கு நெஞ்சுக்குள் கேட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும். வழி கேட்டவருக்குச் சொல்வது மாதிரி வாய் தானாகத் திறந்தது.

“ரோமுக்கு என்னத்துக்குப் போகோணும்? ரோம் இஞ்சயே கிடக்கு.”

“எங்க?” என்றார் இசபெல்.

“நகரத்துக்குள்ள. ரோமன் ஆக்கள் கட்டின கோட்டை மதில். நான் ஒவ்வொரு நாளும் அதுக்குப் பக்கத்தாலதானே ஓடினனான். வாற சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறன்.”

அன்றிரவே அவர் கைபேசியில் தேடிப்பார்த்தார். மதில் உண்மையாகவே இருந்தது. பல இடங்களில் துண்டு துண்டாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டு, தெருவுக்கு அடியில் உள்ள ஒரு கார்ப் பார்க்குக்குள் நிற்கிறது என்று போட்டிருந்தது. செபமாலைமுத்துவுக்கு அது வானத்தில் இருந்து வந்த உதவியாகப் பட்டது. காரை மதிலுக்குப் பக்கத்திலேயே விடலாம். மழை வந்தாலும் நனையத் தேவையில்லை.

சனிக்கிழமை இசபெல் பட்டுச்சேலை உடுத்து, அதற்கு மேலே கம்பளிச் சட்டை போட்டு, கையில் செபமாலையோடு காரில் ஏறினார். கணவர் சொன்னதை அவர் நம்பியிருந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் யாத்திரை என்று கிளம்பினால் யாத்திரை மாதிரித்தான் போக வேண்டும் என்பது அவருடைய கட்சி. மடியில் கட்லற்றும் றோல்ஸும் நிறைந்த பெரிய டப்பா, காலடியில் தேத்தண்ணிப் பிளாஸ்க், கைப்பைக்குள் ஒரு மெழுகுதிரி. செபமாலைமுத்து, பஸ் ஓடிய காலத்தில் கொடுத்த மஞ்சள் ஜக்கெட்டைப் போட்டிருந்தார்.

“அதை ஏனப்பா போட்டனீங்கள்?” என்று றொசாந்தி கேட்டாள்.

“மஞ்சள் ஜக்கெட் போட்டவனை லண்டனில ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்.”

கார்ப் பார்க் ஒரு சுரங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனது. கடைசியில், ஒரு வெள்ளை வானுக்கும் வரிசையாக விட்டிருந்த மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில், கூரையை முட்டிக்கொண்டு ஒரு மதில் நின்றது. சாம்பல் கல், இடையிடையே சிவப்பு ஓட்டு வரிசை. மேலே குழல்விளக்கு ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. செபமாலைமுத்து காரை நிறுத்திவிட்டு இறங்கி, கையை நீட்டிக் காட்டினார்.

“உந்தா.”

இசபெல் மேலும் கீழும் பார்த்தார். “இதுவோ?”

“ஓம். ரெண்டாயிரம் வருசம்.”

“பக்கத்தில வான் நிக்குது.”

“வான் புதுசு.”

இசபெல் கைப்பையைத் திறந்து மெழுகுதிரியை எடுத்தார். அதைக் கண்டதும் கிளின்ரன் பாய்ந்து வந்தான். “மாமி, இஞ்ச நெருப்பு வேண்டாம். முழுக்கப் பெற்றோல்.” அன்று காலை முதல் அவன் பேசிய முதல் வசனம் அதுதான். இசபெல் மெழுகுதிரியை மதிலின் அடியில் கொளுத்தாமலே நிறுத்தி வைத்துவிட்டு, காரின் பின்கதவைத் திறந்து டப்பாவை வெளியில் எடுத்தார். நாற்பது வருட வாழ்க்கையில் பல சந்தர்ப்பங்களில் அவர் செய்தது இதுதான். கோபத்தை என்ன செய்வதென்று தெரியாதபோது சாப்பாட்டைப் பரிமாறுவார்.

அப்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. முப்பது பேரளவில் இருக்கும். எல்லோரும் நடுத்தர வயதைக் கடந்தவர்கள், கழுத்தில் ஒரே மாதிரி நீலத் துணி கட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு மொழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் ஜக்கெட்டைக் கண்டதும் பேச்சு நின்றது. பிறகு கைதட்டினார்கள். முன்னால் வந்த வைக்கோல் தொப்பிக்காரர் செபமாலைமுத்துவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, ஆங்கிலம் மாதிரி ஒன்றில் எதையோ கேட்டார். செபமாலைமுத்துவின் காதில் ‘குட்’ என்பது மட்டும் விழுந்தது.

“யெஸ், யெஸ்” என்றார் அவர். “வெறி குட்.”

தொப்பிக்காரர் கேட்டது ‘நீங்கள்தானே எங்கள் கைட்’ என்பது. அவர்களுடைய உண்மையான வழிகாட்டி அந்த நேரத்தில் எங்கேயோ நின்றுபோன ரயிலுக்குள் இருந்தான் என்பதும், ‘மதிலடியில் மஞ்சள் மழைக்கோட்டோடு நிற்பேன்’ என்று அவன் முதல்நாளே அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தான் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. கூட்டம் அரைவட்டமாகக் காரைச் சூழ்ந்து நின்றது. எல்லோரும் செபமாலைமுத்துவின் வாயைப் பார்த்தார்கள்.

றொசாந்தி தகப்பனின் காதுக்குள் சொன்னாள். “அப்பா, அவை உங்களைக் கைட் எண்டு நினைக்கினம். இல்லையெண்டு சொல்லுங்கோ.”

செபமாலைமுத்து கூட்டத்தைப் பார்த்தார். பஸ்ஸில் முப்பது வருடம் அவருக்குப் பின்னால் சனம் இருந்தது. ஒருவரும் அவருடைய முகத்தைப் பார்த்ததில்லை. “தூர இடத்தில இருந்து வந்த சனம் போல கிடக்கு. பாவம். ரெண்டு வார்த்தை சொன்னா என்ன?” என்று சொல்லிவிட்டு மதிலின் பக்கம் திரும்பினார்.

“ஓல்ட் வோல்” என்றார். “வெறி ஓல்ட்.” பிறகு ஒரு கையை இந்தப் பக்கமும் மறு கையை அந்தப் பக்கமும் காட்டினார். “திஸ் சைட், இன்சைட். தற் சைட், அவுட்சைட்.”

தொப்பிக்காரர் அதைத் தன் ஆட்களுக்கு மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு நீண்ட நேரம் ஓடியது. அந்தச் சில சொற்கள் எப்படி இவ்வளவு பெரிதாயின என்று செபமாலைமுத்துவுக்கே விளங்கவில்லை. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். இன்னொருவர் கொளுத்தாத மெழுகுதிரியைப் படம் எடுத்தார்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் செபமாலைமுத்துவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இருந்தது. காலையில் விழுங்கிய குளிசையும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கார்ப் பார்க்கின் மூலையில் இருந்த டொயிலற் கதவு பூட்டியிருந்தது. “நான் ஒருக்காப் போயிட்டு வாறன்” என்று இசபெலிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, படியில் ஏறி வெளியே நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். முப்பது பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.

கீழே இசபெல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மகளைக் கேட்டார். “எங்க போறார்?”

“டொயிலற்றுக்கு.”

“உவ்வளவு பேரோடையுமோ?”

நகரத்தின் அந்தப் பகுதியில் சனிக்கிழமை ஒரு ஈ காக்கை இருக்காது. வேலை நாளில் காலில் கால் இடறும் தெருக்கள் துடைத்துப் போட்ட மாதிரிக் கிடந்தன. கோப்பிக் கடைக் கதவை இழுத்துப் பார்த்தார், பூட்டு. மூலையில் இருந்த பப்பின் கதவைத் தள்ளிப் பார்த்தார், அதுவும் பூட்டு. திரும்பினால் எதிரில் முப்பது முகம். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

“குளோஸ்ட்” என்றார் செபமாலைமுத்து.

தொப்பிக்காரர் மொழிபெயர்த்தார். எல்லோரும் பப்பின் கதவைப் படம் எடுத்தார்கள்.

அடுத்த தெருவின் நட்டநடுவில் ஒரு தேவாலயக் கோபுரம் நின்றது. கோபுரம் மட்டும்தான், தேவாலயத்தைக் காணவில்லை. கோபுரம் இருந்தால் ஒரு கதவு இருக்கும், கதவுக்குப் பின்னால் ஒரு டொயிலற் இருக்கும் என்று செபமாலைமுத்து அதைச் சுற்றிப் போனார். ஒரு கதவு இருந்தது, அதில் வீட்டு மணி இருந்தது, திறக்க ஆளில்லை. வேறு கதவு இருக்கிறதா என்று மறுபடியும் சுற்றினார். சனமும் சுற்றியது. மூன்றாவது சுற்றில் கூட்டத்தில் யாரோ மெல்லிய குரலில் ஒரு கீதத்தைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கறுப்பு டக்ஸி வந்து, போக வழியில்லாமல் நின்றது. அதைக் கண்டதும் செபமாலைமுத்துவுக்குப் பழைய தொழில் நினைவுக்கு வந்துவிட்டது.

“மூவ் டவுன் பிளீஸ்” என்று கையை உயர்த்திச் சொன்னார். “ஓல் த வே டவுன்.”

முப்பது பேரும் ஒரே அசைவில் நடைபாதைக்கு ஏறினார்கள். செபமாலைமுத்து ஒரு கணம் தன்னுடைய அவசரத்தையே மறந்து நின்றார். வேலை செய்த காலம் முழுவதும், ஒவ்வொரு நாளும் எத்தனையோ தடவை, உள்ளே தள்ளிப் போகச் சொல்லும் அதே சொற்களை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார். ஒரு நாளாவது ஒரு ஆளாவது அசைந்ததில்லை. நீங்கள் எல்லாம் எந்த நாட்டுப் பிள்ளைகள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க நேரமில்லை.

அதற்குப் பிறகு ஒரு சின்னத் தோட்டம் வந்தது. ஓரத்தில் அடர்ந்த செடிப் பற்றை இருந்தது. செபமாலைமுத்து அந்தப் பற்றையை நீண்ட நேரம் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. தொப்பிக்காரர் மரியாதையோடு தொப்பியைக் கழற்றினார். அந்தத் தருணத்தில் செபமாலைமுத்துவுக்கு வாழ்க்கை கைவிட்டுப் போனது மாதிரி இருந்தது. ‘அந்தோனியாரே, தொலைஞ்சுபோன சாமான் எல்லாத்தையும் காட்டிக் குடுக்கிறீர், ஒரு கக்கூஸைக் காட்டமாட்டீரோ’ என்று மனதுக்குள் மன்றாடினார்.

காட்டியது இசபெல். பட்டுச்சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் டப்பாவோடு, மகளையும் மருமகனையும் பின்னால் இழுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி வந்து சேர்ந்தார்.

“என்ன கூத்து இது? ஒரு ஆளிட்டக் கேட்டா வாய் வலிக்குமோ?”

கேட்கிறதென்றால் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். செபமாலைமுத்து ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி நின்றார். இசபெல் தோட்டத்துக்கு அப்பால் இருந்த கல் முற்றத்தைத் தாண்டி, திறந்திருந்த ஒரு பெரிய கட்டடத்தின் வாசலில் நின்ற காவலாளியிடம் நேராகப் போய்க் கேட்டார். அது கில்ட்ஹோல் ஓவியக் கூடம். டொயிலற் கீழ்த்தளத்தில் என்றார் காவலாளி. வரவேற்பு மேசையில் இருந்த பெண், மஞ்சள் ஜக்கெட்டையும் அதற்குப் பின்னால் வந்த நீலக் கழுத்துத் துணிகளையும் கண்டதும், பதிவு செய்த கூட்டம் நீங்கள்தானா என்று கேட்டாள். “யெஸ்” என்று சொல்லிக்கொண்டே செபமாலைமுத்து நிற்காமல் படியில் இறங்கினார்.

வெளியே வந்தபோது அவர் புது மனிதர். முகத்தில் தெளிவு வந்திருந்தது. கூட்டத்தில் பாதிப்பேரும் அதே தேவையோடுதான் இவ்வளவு தூரம் நடந்திருந்தார்கள் என்பது அந்த வாசலில் நின்ற வரிசையில் தெரிந்தது. மிச்சப் பேர் பக்கத்தில் இருந்த இருட்டு அறைக்குள் போயிருந்தார்கள். செபமாலைமுத்துவும் எட்டிப் பார்த்தார்.

நிலத்தடியில், இடிந்த கல்மதில்கள் இரண்டு பக்கமும் வளைந்து போயின. சுவரில் பச்சை வெளிச்சத்தில் வாள் பிடித்த மனித உருவங்கள் தெரிந்தன. ரோமர்கள் மனிதனையும் மிருகத்தையும் சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்த்த அரங்கம் அது. தேடாமலே அவர் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். இசபெல் அறையின் நடுவில் அசையாமல் நின்றார். றொசாந்தி பலகையில் எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மிருகங்களை விட்டவங்களோ?” என்று இசபெல் கேட்டார்.

“ஓம் அம்மா, கரடி, மாடு…”

“அப்ப வேதசாட்சிகளும் இஞ்ச செத்திருப்பினம்.”

“அப்பிடி ஒண்டும் எழுதியில்லை அம்மா.”

“எல்லாத்தையும் எழுதி வைப்பினமோ?”

இசபெல் டப்பாவைக் கிளின்ரனிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். முழங்காலில் நின்று செபமாலையை எடுத்து, உரத்த குரலில், “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று தொடங்கினார். றொசாந்திக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கிளின்ரன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

முதல் மந்திரம் முடிந்து இரண்டாவது தொடங்கியபோது, நீலத் துணி கட்டிய ஒரு குண்டுப் பெண்மணி இசபெலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். சொல் விளங்காவிட்டாலும் அந்த இழுப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இசபெல் தமிழில் முன்பாதியைச் சொல்ல, “சாந்தா மரீயா” என்று முழுக்கூட்டமும் தங்கள் மொழியில் பின்பாதியைச் சொன்னது. டொயிலற் வரிசையில் நின்றவர்கள்கூட நின்ற இடத்தில் இருந்தே சேர்ந்துகொண்டார்கள். நிலத்தடி அரங்கம் தேனீக்கூடு மாதிரி இரைந்தது.

சத்தம் கேட்டுப் பணியாளர் ஒருவர் ஓடிவந்தார். இதற்கு அனுமதி உண்டா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் இருந்தது. செபமாலைமுத்து ஜக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். அவருடைய ஆங்கிலத்தில் இப்படியான நேரத்துக்கென்று ஒரே ஒரு வசனம் இருந்தது. பஸ் காரணமில்லாமல் நிற்கிறபோது பயணிகளுக்குச் சொல்கிற வசனம் அது. அதைத்தான் சொன்னார்: சேவையை ஒழுங்குபடுத்துவதற்காக இங்கே சிறிது நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

பணியாளர் லண்டன்காரர். அந்த வசனத்தைப் பிறந்ததில் இருந்து கேட்டு வளர்ந்தவர். “ஓ, சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செபமாலையின் ஐம்பது மணிகளையும் உருட்டி முடித்து, இசபெல் அந்தக் குண்டுப் பெண்மணியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பெண்மணியின் பெயர் மரீசா. எந்த ஊர் என்று றொசாந்தி மூலம் விசாரித்தார். தொப்பிக்காரர் பதில் சொன்னார். றொசாந்தி அதைத் தமிழில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை மூச்சை இழுத்தாள்.

“அம்மா, இவை ரோம். முழுப்பேரும் ரோம். ரோமில ஒரு பங்குக் கோயில்ல இருந்து வந்திருக்கினம்.”

இசபெல் கணவரைத் திரும்பிப் பார்த்தார். உரோமாபுரிச் சனத்தைத் தெருத் தெருவாக இழுத்துத் திரிந்து, பூட்டின பப்பைக் காட்டிய மனிதர் சுவரில் இருந்த பச்சை உருவங்களைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“பாப்பரசரைக் கண்டிருக்கிறியளோ எண்டு கேள்” என்றார் இசபெல்.

தொப்பிக்காரர் தோளைக் குலுக்கினார். அவருடைய வீட்டில் இருந்து வத்திக்கானுக்கு ஒரே பஸ்தானாம். ஆனால் அந்தப் பக்கம் போய் எத்தனையோ வருடமாம். ஒரே உல்லாசப் பயணிகளாம், நெரிசலாம்.

“வெக்கமில்லையோ எண்டு கேள்.”

றொசாந்தி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. மரீசா சத்தமாகச் சிரித்துத் தொப்பிக்காரரின் முதுகில் ஒன்று வைத்தார். அவர் மரீசாவின் கணவர்.

அந்த நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட மெலிந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன், முகமெல்லாம் வியர்வையாக வந்து நின்றான். உண்மையான வழிகாட்டி. மதிலடியில் ஒரு மெழுகுதிரியைத் தவிர ஒருவரும் இல்லாததைக் கண்டு நகரம் முழுக்க ஓடியிருக்கிறான். மன்னிப்புக் கேட்டான், தன்னை அறிமுகப்படுத்தினான், அரங்கத்தைப் பற்றி மளமளவென்று விளக்கத் தொடங்கினான். எந்த ஆண்டு, எந்தச் சக்கரவர்த்தி, எந்த மரத்தில் செய்த வாய்க்கால் என்று எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. உரோமாபுரிக்காரர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அவன் ஒவ்வொரு வசனத்தையும் முடித்ததும் எல்லோரும் செபமாலைமுத்துவின் பக்கம் திரும்பினார்கள், சரிதானா என்று அறிய.

செபமாலைமுத்து ஒவ்வொரு தடவையும் யோசித்துத் தலையாட்டினார். “கரெக்ட்” என்றார். வாய்க்கால் விசயத்தில் மட்டும் சிறிது தயங்கிவிட்டுத்தான் தலையாட்டினார். இளைஞன் பதறிப்போய் அந்த இடத்தை இன்னொருமுறை விளக்கினான்.

மத்தியானம் எல்லோரும் மேலே முற்றத்தில் இருந்தார்கள். நிலத்தடி அரங்கத்தின் விளிம்பு எங்கே போகிறது என்று காட்ட, முற்றத்துக் கல்லில் ஒரு கறுப்புக் கோடு வளைவாகப் பதித்திருந்தது. அந்தக் கோட்டோடு வரிசையாக உட்கார்ந்து உரோமாபுரி கட்லற் சாப்பிட்டது. முப்பது பேருக்கு எப்படிக் காணும் என்று கிளின்ரன் பயந்தான். இசபெல் எந்த யாத்திரைக்கும் நூறு பேருக்குச் சமைக்கிறவர் என்பதை அவன் மறந்திருந்தான். உறைப்பில் தொப்பிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்று எடுத்தார். வழிகாட்டி இளைஞனுக்கு இசபெல் இரண்டு றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, “சாப்பிடுங்கோ தம்பி, ஓடிக் களைச்சுப் போனீங்கள்” என்று தமிழிலேயே சொன்னார். அவனும் விளங்கினவன் மாதிரிச் சாப்பிட்டான்.

மரீசாவும் இசபெலும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒருவர் மொழியில் மற்றவருக்கு ஒரு சொல்லும் தெரியாமல், நீண்ட நேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று செபமாலைமுத்துவுக்குத் தெரியாது. ஆனால் இடையிடையே இரண்டு பேரும் தங்கள் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு மாசி மாதத்தில் இசபெல் உரோமாபுரிக்குப் போனார். தனியாகத்தான் போனார். பரலோகத்தில் கேட்டால் மரீசா கூப்பிட்டார் என்று சொல்லலாம் என்று றொசாந்திக்கு விளக்கம் கொடுத்தார். செபமாலைமுத்து விமான நிலையம் வரைக்கும் காரில் கொண்டுபோய் விட்டார். விமானங்களைப் பார்க்காத மாதிரி, பெட்டியை இறக்கிக் கொடுத்த கையோடு திரும்பினார். அந்த ஏழு நாளும் அவருக்கு வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. சோற்றுக்கு உப்புப் போடுவதா இல்லையா என்று கிளின்ரனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

திரும்பிக் கூட்டிக்கொண்டு வரும்போது வீதியில் நல்ல மழை. இசபெல் காரில் ஏறியதில் இருந்து நிறுத்தாமல் கதைத்தார். மரீசா வீட்டுப் படிக்கட்டு செங்குத்தாம். கோப்பிக் கோப்பை குருவி குடிக்கிற அளவாம். வத்திக்கானில் இராயப்பர் தேவாலயத்துக்குள் கால் வைத்ததும் அழுதாராம், மரீசாவும் அழுதாராம், தொப்பிக்காரர் வெளியில் ஐஸ்கிறீம் வாங்கப் போய்விட்டாராம். பெரிய அரங்கத்தையும் காட்டினார்களாம். ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு வானும் நிற்கவில்லையாம்.

“உங்களைப் பற்றித்தான் அந்தத் தெரு முழுக்கக் கேட்டவை” என்றார் இசபெல். “லண்டனில பெரிய சரித்திரப் பேராசிரியர் எண்டு மரீசா எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கிறா.”

செபமாலைமுத்து மழைத் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினார். “நீர் என்ன சொன்னனீர்?”

“பஸ் ஓடினவர் எண்டு சொன்னன்.”

“அதுக்கு?”

“ஒருத்தரும் நம்பேல்லை.”

அவர் இடக்கைப் பக்க விளக்கைப் போட்டு, குட்மேய்ஸுக்குத் திரும்பும் வீதியில் காரை மெதுவாகத் திருப்பினார்.